காலி அரங்கில் ஒரு நாள்

சபா செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்





மார்கழிக் கச்சேரிகளுக்கு மைக் வைக்கத் தொடங்கி எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. உங்களில் பலருக்கு என் முகம் தெரியும். கடைசி வரிசைக்குப் பின்னால் மிக்சர் மேஜையில் உட்கார்ந்திருப்பவன் நான். ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கத்தான் இதை எழுதுகிறேன். சீசன் தொடங்குவதற்கு முன், நவம்பரில் ஏதாவது ஒரு நாள், காலை முதல் இரவு வரை உங்கள் அரங்கத்தை ஆளில்லாமல் எங்களிடம் விடுங்கள். ஸ்பீக்கர்களை அளந்து பார்க்க வேண்டும். அவை நிற்கும் இடத்தையும் அவற்றின் ஒலி வந்து சேரும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும். ஈக்வலைசரில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

ஒரு நாள் வாடகையை விட்டுக்கொடுப்பது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். நவம்பரில் நாடகம் வரும், பள்ளி ஆண்டு விழா வரும், வரவேற்பு நிகழ்ச்சி வரும். அந்த வருமானத்தில்தான் டிசம்பர் ஓடுகிறது. அது தெரிந்துதான் கேட்கிறேன்.

இப்போது நடப்பது என்ன என்று பாருங்கள். நாலு மணிக் கச்சேரி மங்களம் பாடி முடிய ஆறு ஆகிவிடும். ஆறேகாலுக்கு அடுத்த கச்சேரி. திரை இறங்கியிருக்கும் அந்தக் கால் மணி நேரத்தில் பாடகர் மாறுகிறார், வயலின் மாறுகிறது, மிருதங்கம் மாறுகிறது, கடம் இருந்த இடத்துக்குக் கஞ்சிரா வருகிறது. மைக்குகளை இடம் மாற்றி, வயர்களை ஒதுக்கி, மிருதங்க வித்வான் சுருதி சேர்க்கும் சத்தத்துக்கு நடுவே 'ஹலோ, ஒன், டூ, த்ரீ' சொல்லி முடிப்பதற்குள் திரை விலகிவிடும். வர்ணம் முழுக்க மேடையிலிருந்து கைச் சைகை வந்துகொண்டே இருக்கும். மானிட்டரை ஏற்று, வயலினைக் குறை, தம்பூரா கேட்கவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் கேட்கிற முதல் 20 நிமிஷம் எங்களுடைய சோதனை நேரமாகப் போகிறது. வர்ணத்தை எத்தனையோ மாதம் சாதகம் செய்துவிட்டு வந்து பாடுகிறவருக்கு இது அவமரியாதை. கேட்க வந்தவருக்கும்தான்.

அந்த அவசரத்தில் எங்கள் கை போகிற ஒரே இடம் ஈக்வலைசர். பெரும்பாலான அரங்கங்களில் இருப்பது 31 ஸ்லைடர் கொண்டது. 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை வரிசையாக நிற்கும். 'கூ' என்று ஊளையிட்டால் ஒன்றை இறக்குவோம். குரல் மந்தமாக இருந்தால் இன்னொன்றை ஏற்றுவோம். சீசன் முடியும்போது அது பல் போன சீப்பு மாதிரி ஆகியிருக்கும். அடுத்த வருஷம் அதே சீப்போடு தொடங்குகிறோம். எந்த ஸ்லைடரை, யாருடைய கச்சேரியில், எதற்காக இறக்கினோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அரங்கத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த அரங்கம் என்பது வேண்டாம். அங்கே நடுவில் உட்காருகிறவர்களிடமிருந்து வருஷா வருஷம் ஒரே புகார் வரும். மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை, குரலில் கனமில்லை. ஓரத்தில் உட்காருகிறவர்களுக்கு அந்தக் குறை இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர்கள் 125, 160, 200 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்களை நன்றாக மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். நானும் இரண்டு சீசன் அப்படியே ஓட்டினேன். ஏற்ற ஏற்ற ஓரத்தில் இருப்பவர்களுக்குக் காது அடைக்கும், நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கூடாது. மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரங்கம் தற்செயலாகக் காலியாகக் கிடைத்தது. அளக்கும் மைக்கை நடுவரிசையில், மையத்திலிருந்து சற்றே தள்ளி நிறுத்தினேன். இடது ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு அளந்தேன், ஒழுங்காக இருந்தது. வலதை மட்டும் அளந்தேன், அதுவும் ஒழுங்கு. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே கோடு பள்ளத்தில் விழுந்தது. இரண்டு பெட்டிகள் சேர்ந்தால் ஒலி கூட வேண்டும். குறைகிறது என்றால், ஒன்று காற்றை முன்னே தள்ளும் கணத்தில் மற்றது பின்னே இழுக்கிறது என்று பொருள். ஏணி போட்டு ஏறி வலது பெட்டிக்குப் போகும் பிளக்கைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஸ்குரூ டிரைவரால் தளர்த்தி மாற்றி முடுக்க நாலு நிமிஷம் ஆயிற்று. கீழே இறங்கி வந்து மூன்று ஸ்லைடர்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த டிசம்பரில் நடுவரிசையிலிருந்து அந்தப் புகார் வரவில்லை.

அதற்கு முந்தைய வருஷங்களில் அங்கே வாசித்த வித்வான்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது. இடது கையால் அழுத்தித் தேய்த்து எழுப்பிய அத்தனை கும்கியும் நடுவரிசையை எட்டாமலே போயிருக்கிறது. அவர்களுடைய தனி ஆவர்த்தனத்தைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

அளப்பது என்று சொல்கிறேனே, அது பெரிய மந்திரம் இல்லை. மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற சிக்னலை ஒரு பக்கம் எடுத்துக்கொள்கிறோம். அரங்கத்தில் நிறுத்திய சின்ன மைக்குக்கு வந்து சேர்வதை இன்னொரு பக்கம் எடுத்துக்கொள்கிறோம். போனதற்கும் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினி கோடாக வரைந்து காட்டும். அந்த வித்தியாசம் முழுக்க ஸ்பீக்கரும் அரங்கமும் சேர்ந்து செய்த வேலை. பொதுவாக இதற்குப் 'பிங்க் நாய்ஸ்' என்கிற இரைச்சலைப் போடுவோம். கிட்டத்தட்ட அருவிச் சத்தம் போலிருக்கும், ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒரே அளவு சக்தி இருக்கும். 1960களிலேயே டெக்சாஸில் சார்லஸ் பால் போனர் என்ற பேராசிரியர் அரங்கம் எந்தெந்த அதிர்வெண்களில் ஊளையிடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, அந்தந்த இடத்தில் மட்டும் குறுகிய வடிகட்டிகளைப் போட்டார். 1980களில் ஜான் மேயர் என்பவர் இரைச்சலுக்குப் பதிலாகக் கச்சேரியின் இசையையே வைத்து அளக்கும் முறையைக் கொண்டுவந்தார். ரசிகர்கள் உட்கார்ந்திருக்கும்போதே, அவர்களுக்குத் தெரியாமலே அளக்க வழி பிறந்தது. அன்றைக்கு அதற்கு விலையுயர்ந்த தனிக் கருவி வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு லேப்டாப், ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஓர் அளவீட்டு மைக், அதற்கான மென்பொருள் இருந்தால் போதும். எங்களிடம் இவையெல்லாம் இருக்கின்றன. இல்லாதது காலி அரங்கமும் நேரமும்தான்.

ஒரே நாற்காலியில் அளந்துவிட்டு அரங்கத்தையே அளந்துவிட்டதாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள். மைக்கை இரண்டு நாற்காலி தள்ளி வைத்தால் கோடு மாறிவிடும். பத்துப் பன்னிரண்டு இடங்களில் அளந்து, எல்லா இடத்திலும் பொதுவாகத் தெரிகிற குறையை மட்டும் ஈக்வலைசரில் சரிசெய்ய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தெரிகிற பள்ளத்தை நிரப்பப் போனால் மற்ற எல்லா இடத்திலும் மேடு எழும்பும். அதே போல, கோட்டை நேராக்கிவிட்டால் ஒலி நன்றாகிவிடும் என்பதும் தவறு. கடைசி வரிசைக்குப் போகும் வழியில் மேல் அதிர்வெண்கள் இயல்பாகவே கொஞ்சம் தேய்ந்துவிடும். அங்கே கோட்டை வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் வயலின் காதைக் கீறும்.

மைக் வைக்கும் இடம் ஒரு சாண் தவறினாலும் எந்த ஸ்லைடராலும் காப்பாற்ற முடியாது. சகோதரிகள் இருவர் சேர்ந்து பாடுகிறார்கள், ஆளுக்கொரு மைக் என்று வையுங்கள். அக்காவின் வாயிலிருந்து அவருடைய மைக் 40 சென்டிமீட்டரில் இருக்கிறது, தங்கையின் மைக் 75 சென்டிமீட்டரில் இருக்கிறது. அக்காவின் குரல் இரண்டிலும் நுழைகிறது. 35 சென்டிமீட்டர் வித்தியாசத்தைக் கடக்க ஒலிக்கு 1 மில்லி செகண்ட் ஆகும். மிக்சரில் இரண்டும் கலக்கும்போது 500, 1,500, 2,500 ஹெர்ட்ஸ் என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் குரலில் பள்ளம் விழும். இடைப்பட்ட 1,000, 2,000 ஹெர்ட்ஸில் மேடு எழும்பும். அவர் தலையை லேசாகத் திருப்பினால் பள்ளமெல்லாம் வேறு இடத்துக்கு நகரும். அடாணாவில் தலையை ஆட்டாமல் பாட முடியுமா? குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கிறது என்று ரசிகர் சொல்வது இதைத்தான். இருவரையும் ஒரு முழம் விலக்கி உட்காரச் சொல்லி, மைக்குகளை வாய்க்கு நெருக்கினால் முக்கால்வாசி சரியாகிவிடும். மைக்கை 40 சென்டிமீட்டரிலிருந்து 20க்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், ஊளை ஒரு துளிகூடக் கூடாது. கலைஞர்களுக்கு அனுப்பும் ஒப்புதல் கடிதத்தில் இதை ஒரு வரியாகச் சேர்த்தீர்கள் என்றால் உங்களுக்குப் பெரிய நன்றிக்கடன் படுவேன். நாங்கள் மேடையில் போய்ச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது.

இனி நான் சொல்லப்போவது நம் சங்கீதத்துக்கே உரிய விஷயம். வெளிநாட்டு ஒலியியல் புத்தகங்களில் இதை நான் பார்த்ததில்லை.

மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ராவில் ஒரே மாலையில் ஆதார ஸ்வரம் பல முறை மாறும். நம் கச்சேரியில் இரண்டரை மணி நேரமும் ஒரே சுருதிதான், தம்பூரா அதை விடாமல் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. உங்கள் அரங்கம் 196 ஹெர்ட்ஸில் முழங்கும் இயல்பு கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 5 கட்டையில் பாடுகிற பாடகிக்கு அதுதான் ஆதார ஷட்ஜம். அவர் ஷட்ஜத்தில் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரங்கம் அதைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பெருக்கும். அடுத்த கச்சேரியில் 1 கட்டைப் பாடகர் வருகிறார். அவருடைய ஷட்ஜம் 131 ஹெர்ட்ஸ், தப்பித்தார். ஆனால் அவருடைய பஞ்சமம் அதே 196. தம்பூராவில் முதல் தந்தியே பஞ்சமம்தான்.

இதைச் சமாளிக்க நாங்கள் 200 ஹெர்ட்ஸ் ஸ்லைடரை இறக்குகிறோம். அந்த ஸ்லைடரின் ஆட்சி கிட்டத்தட்ட 178 முதல் 224 ஹெர்ட்ஸ் வரை. ஸ்தாயியில் மூன்றில் ஒரு பங்கு. பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் நான்கு அதற்குள் அடங்கிவிடுகின்றன. 1 கட்டைப் பாடகருக்குப் பிரதி மத்தியமம், பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம். தோடியில் அவர் தைவதத்தைப் பிடித்து அசைக்கும்போது அது தேய்ந்துபோய்க் கேட்கும். கல்யாணியில் மத்தியமமும் தைவதமும் ஒளி இழந்துவிடும். நோய் அரங்கத்துக்கு, பத்தியம் நான்கு ஸ்வரங்களுக்கு. டிஜிட்டல் மிக்சரில் இருக்கும் பாராமெட்ரிக் ஈக்வலைசரால் அந்த ஒரு புள்ளியை மட்டும் கத்தி முனை போலக் குறுக்கி வெட்ட முடியும். ஆனால் அந்தப் புள்ளி 196தான், 188 இல்லை என்று தெரிந்தால்தானே வெட்டலாம்? அதைத் தெரிந்துகொள்ள அளந்தே ஆக வேண்டும். கச்சேரி நடுவே காதால் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை இல்லை அது.

மிருதங்கத்தை நினைத்துப் பாருங்கள். 1920 இல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோல் வாத்தியங்களைப் பற்றி எழுதினார். சாதாரணமாக ஒரு தோலைத் தட்டினால் எழுகிற மேல் ஒலிகள் ஒன்றோடொன்று இசையாது. நம்முடைய வாத்தியங்களில் நடுவே பூசிய கரணையால் அவை ஆதார ஒலியின் இரு மடங்கு, மும்மடங்கு என்று ஒழுங்காக வந்து அமைகின்றன. அதனால்தான் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்க முடிகிறது. அந்தக் கரணையை மெல்லிய அடுக்குகளாக இட்டு, கல்லால் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்தவர் பல நாள் உழைத்திருக்கிறார். ஊளைக்குப் பயந்து நாங்கள் அவசரமாக இறக்கும் இரண்டு ஸ்லைடர்கள் அந்த மேல் ஒலிகளின் சமநிலையைக் குலைத்துவிடுகின்றன. வித்வான் வீட்டிலிருந்து கொண்டுவந்த வாத்தியம் ஒன்று, உங்கள் அரங்கத்தில் ரசிகர் கேட்கும் வாத்தியம் வேறொன்று.

ஈக்வலைசரால் தொடவே முடியாத இன்னொன்று எதிரொலிப்பு. 1895 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரை அரங்கில் யார் பேசினாலும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்தரை வினாடி வரை சுவர்களில் உருண்டுகொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பக்கத்துச் சாண்டர்ஸ் அரங்கத்தின் மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஊதி நிறுத்திவிட்டு, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். தான் போட்டிருக்கும் உடைகூட ஒலியை விழுங்குகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு இரவும் ஒரே உடையில் வந்தார். அந்த இரவுகளிலிருந்துதான் அரங்க ஒலியியலுக்கு அடிப்படையான கணக்கு கிடைத்தது. 1900 இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தக் கணக்கை வைத்து எழுந்தது. அவருக்கும் வேண்டியிருந்தது காலி அரங்கமும் இரவு நேரமும்தான்.

சபைன் கணக்கை நம் ஊர் அரங்கத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 3,000 கன மீட்டர் கொள்ளளவு, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் திரை அதிகமில்லை. காலியாக இருக்கும்போது ஒலி அடங்க ஏறக்குறைய 1.9 வினாடி ஆகும் என்று வையுங்கள். ஓர் ஆள் உட்கார்ந்தால் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்துவிட்ட கணக்கு. 300 பேர் உட்கார்ந்தால் அது 1.2 வினாடிக்கு இறங்கிவிடும். மிருதங்கத்தில் வினாடிக்கு எட்டுச் சொல் விழுகிறது என்றால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே 125 மில்லி செகண்ட். நிறைந்த அரங்கத்தில் அதற்குள் முந்தைய சொல் 6 டெசிபலுக்கு மேல் இறங்கிவிடும். காலி அரங்கத்தில் 4 டெசிபல்கூட இறங்காது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன் மேல் ஏறிக்கொள்ளும்.

இதனால் அடிபடுவது மத்தியானக் கச்சேரிக் குழந்தைகள். முதல் நாள் மாலை நிறைந்த அரங்கத்துக்கு வைத்த அதே அமைப்பில்தான் மறுநாள் பகல் 12 மணிக்கு அவர்கள் பாடுகிறார்கள். எதிரே முப்பது பேர். பாதிப் பேர் குடும்பத்தினர். அரங்கம் முழுக்கக் 'கும்' என்று நிறைந்திருக்கும். அந்தப் பெண் கற்பனை ஸ்வரத்தைத் தெளிவாகத்தான் பாடுகிறாள், கேட்கிறவருக்கு அது குழைந்துபோய்க் கேட்கிறது. விமர்சகர் 'உச்சரிப்பில் தெளிவு வேண்டும்' என்று எழுதிவிட்டுப் போகிறார். மத்தியானத்துக்கென்று தனி அமைப்பு வேண்டும். மொத்த ஒலியைக் குறைத்து, கீழ் அதிர்வெண்களை இறக்கி, ஆட்கள் உட்காராத பகுதிக்குப் போகும் ஸ்பீக்கர்களை அணைத்துவிட்டால் சுவரில் அடிபட்டு வரும் ஒலி குறையும். எதிரொலிப்பு நேரம் அதனால் மாறாது, சொல் காதில் விழும். இதை ஒருமுறை அளந்து டிஜிட்டல் மிக்சரில் பதித்து வைத்தால் தினமும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ரசிகர்களையும் முன் வரிசைகளில் சேர்த்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

பால்கனிக்குக் கீழே உட்காருகிறவர்களும் பாவம். அவர்களுக்காகக் கூரையில் சின்ன ஸ்பீக்கர்கள் பொருத்தியிருக்கிறீர்கள். மேடைப் பக்கப் பெரிய ஸ்பீக்கர் அவர்களுக்கு 20 மீட்டர் தூரம், தலைக்கு மேலிருப்பது 3 மீட்டர். 17 மீட்டர் வித்தியாசம் என்பது கிட்டத்தட்ட 49 மில்லி செகண்ட். தாமதம் கொடுக்காமல் விட்டால் பாடகர் கூரையிலிருந்து பாடுவது போலிருக்கும், பின்னாலேயே மேடையிலிருந்து இன்னொரு முறை பாடுவார். 1949 இல் ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து சொன்னது இது. இரண்டு இடத்திலிருந்து வரும் ஒரே ஒலியில், பிந்தி வருவது 30 மில்லி செகண்டுக்குள் வந்துவிட்டால், முதலில் வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் காது எடுத்துக்கொள்ளும். ஆகவே கூரை ஸ்பீக்கருக்கு 60 மில்லி செகண்ட் அளவில் தாமதம் கொடுத்தால் பாட்டு மேடையிலிருந்தே வரும், சொல்லும் தெளிவாகும். பல அரங்கங்களில் இந்தத் தாமதம் பூஜ்யத்தில் கிடக்கிறது. அதைச் செய்யும் கருவி அங்கேயே அலமாரியில் இருக்கிறது.

மேடை மானிட்டர் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஊளை 3 டெசிபல் முன்னதாகவே வந்துவிடும். ஐந்து மைக், நான்கு மானிட்டர், ஒவ்வொருவரும் தன்னை ஏற்றச் சொல்கிறார் என்றால் மேடையிலிருந்து பின்பக்கமாகக் கசியும் கீழ் ஒலியே முன் மூன்று வரிசையை மூழ்கடித்துவிடும். மானிட்டரின் உச்ச அளவை அளந்த நாளிலேயே தீர்மானித்துப் பூட்டிவிட வேண்டும். அதைச் சபாவின் விதியாக நீங்கள் அறிவித்தால்தான் நடக்கும்.

'காது இருக்கும்போது கருவி எதற்கு?' என்று மூத்த வித்வான் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பிங்க் நாய்ஸ் போட்டு முடித்த பிறகு நானே செய்கிற சோதனை காதால்தான். நல்ல தம்பூரா ஒன்றை மேடையில் மீட்டச் சொல்லி மைக் வைத்துவிட்டு, அரங்கத்தில் வரிசை வரிசையாக நடப்பேன். தம்பூராவின் ஜீவா என்பது மேல் ஸ்தாயிகள் வரை பூத்து நிற்கும் நாதம். எந்த வரிசையில் அது மங்குகிறதோ அந்த வரிசைக்கு ஸ்பீக்கர் சரியாகப் பார்க்கவில்லை. எங்கே சீறுகிறதோ அங்கே எங்கள் கை மிஞ்சிவிட்டது. குறை இருக்கிறது என்று காது சொல்லிவிடும். அது வயரிலா, ஸ்பீக்கரின் கோணத்திலா, சுவரிலா என்று பிரித்துக் காட்ட அளவீடு வேண்டும். காது கண்டுபிடித்த நோய்க்கு எக்ஸ்ரே எடுப்பது போல.

அந்த ஒரு நாளில் என்ன செய்வோம் என்று கேட்பீர்கள். காலையில் முதல் வேலை ஏ.சி.யின் இரைச்சலை அளப்பது, பிறகு ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாக ஓடவிட்டு வயரையும் உள்ளிருக்கும் டிரைவர்களையும் பார்ப்பது. இறந்துபோன ட்வீட்டர் ஒன்றாவது எங்காவது கிடைக்கும். அதன் பிறகு கோணம். ஸ்பீக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் திருப்பி ஜனங்களைப் பார்க்க வைப்போம். மத்தியானம் தாமதங்கள். நாலு மணிக்கு மேல்தான் ஈக்வலைசர். பெரும்பாலும் அதற்குள் அங்கே செய்வதற்கு மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும். மாலையில் ஒரு பாடகரையும் ஒரு மிருதங்கக்காரரையும் அழைத்து அரை மணி பாடச் சொல்வோம். நீங்கள் வந்து வேறு வேறு வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். வழக்கமாக நீங்கள் உட்காரும் முதல் வரிசை வேண்டாம். பால்கனிக்குக் கீழே, தூணுக்குப் பின்னால், இருநூறு ரூபாய் டிக்கெட்டில் உட்காருங்கள்.

கடைசியாக ஒன்று. அன்றைக்கு அளந்ததெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதி உங்கள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். எந்த ஸ்பீக்கர் எந்தக் கோணத்தில் இருக்கிறது, எதற்கு எத்தனை மில்லி செகண்ட், எந்த அதிர்வெண்ணை எவ்வளவு வெட்டினோம், ஏன் வெட்டினோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். குறைந்த கொட்டேஷன் பார்த்து வருஷத்துக்கு ஒரு ஆடியோக்காரரை மாற்றுகிறீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால் அரங்கத்தைப் பற்றிய அறிவும் அவரோடு வேனில் ஏறிப் போய்விடுகிறது, புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தடவ வேண்டியிருக்கிறது. அந்தக் குறிப்பேடு சபாவின் சொத்தாக இருக்கட்டும். நானே அடுத்த வருஷம் இல்லாவிட்டாலும் வருகிறவர் அதைத் திறந்து பார்ப்பார்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ, யாரும் வாடகைக்குக் கேட்காத ஒரு நாள் உங்கள் டைரியில் நிச்சயம் இருக்கும். அதில் ஒரு கோடு போட்டு 'அளவீடு' என்று எழுதிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு நாளுக்கு எங்களுக்குக் கூலி வேண்டாம். காவலாளியிடம் சாவியைக் கொடுத்துவையுங்கள். காலை ஏழு மணிக்கு ஏணியோடு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் ஒலியமைப்பாளர்
சென்னை